முச்சந்தியில் கிடந்த பொருள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் என் மனைவி அமுதா எனக்கு எதிரே நின்று இமைக்காமல் என்னைப் பார்ப்பாள். மூச்சு விடுவாள், தோள் ஏறி இறங்கும். ஆனால் அவள் அங்கே இருக்கமாட்டாள். கும்மிடிப்பூண்டியில் குக்கர் விசில் அடித்திருக்கும், கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடியிருப்பாள். நான் போலந்து நாட்டில், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, டிவிக்குள் நிற்கும் அவள் உடம்புக்குக் காவல் இருப்பேன். இதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ஊரில் இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். என்னைப்போல வெளியே வந்தவர்கள் சிரிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வாளும் மந்திரமும் கொண்டு சண்டை போடுகிற கன்சோல் விளையாட்டு அது. அழிந்துபோன ஒரு ராஜ்யம், எப்போதும் மூடுபனி, ஆள் இல்லாத கோட்டைகளுக்குள் யாரோ இருமுகிற சத்தம். நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கி, அதை மெல்ல மெல்லப் பலசாலி ஆக்க வேண்டும். நான் வேலைக்காக இங்கே கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு கன்சோல் வாங்கி வைத்தேன், இங்கே வந்து பழையது ஒன்று வாங்கிக்கொண்டேன். அவளுடைய ஆளுக்கு முகம் செய்தது நான்தான். மோவாய், புருவம், மூக்குத்தி வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அமுதா பார்த்ததும் சொன்னாள்: "இன்னாங்க இது, செத்துப்போனவ மாரி கீது?" மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

அந்த ராஜ்யத்தில் மூன்று பாதைகள் கூடும் இடங்களில் சில பொருள்கள் மின்னிக்கொண்டு கிடக்கும். யாராக இருந்தாலும் ஓடிப்போய் எடுப்பார்கள், அதற்காகத்தான் அவை கிடக்கின்றன. அமுதா எடுக்கமாட்டாள். எடுக்காதது மட்டுமல்ல, புதருக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். "எவனோ சுத்திப் போட்டுட்டு போயிருப்பான், தாண்டாதீங்க" என்று ஹெட்செட்டில் அதட்டுவாள். அவள் பெரியபாளையம் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்தபோது, தெருமுனையில் உடைந்து கிடந்த பூசணிக்காயைக் கவனிக்காமல் நான் காலை வைக்கப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பட்டன் தெறித்தது. நான் விமானம் ஏறிய அன்றும் அவளே எனக்குத் திருஷ்டி சுற்றி, எலுமிச்சம்பழத்தை முச்சந்தியில் நசுக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே முச்சந்திகளில் எதுவும் கிடக்காது. வட்டம் போட்டு நடுவில் புல் வளர்த்திருக்கிறார்கள். ஒருநாள் என்னோடு மெஷினில் வேலை செய்யும் மாரெக் அறைக்கு வந்திருந்தான். நான் விளையாட்டில் அந்த மின்னும் பொருளைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்து, "உவாகா?" என்று கேட்டான். எச்சரிக்கை என்று அர்த்தம், எங்கள் மெஷின்கள் மேலெல்லாம் எழுதியிருக்கும். திருஷ்டியை எனக்குத் தெரிந்த போலிஷ் மொழியில் எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். வெடிக்கும் பொறி என்று புரிந்துகொண்டான். தன் வீட்டில் இதே விளையாட்டை விளையாடும்போதும் இப்போது அவற்றைத் தொடுவதில்லையாம், நண்பர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறானாம். பெரியபாளையத்துப் பயம் ஒன்று போலந்தில் குடியேறிவிட்டது. அமுதாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்கு விசா போன மாதமே வந்துவிட்டது. டிக்கெட் போடட்டுமா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். "பாக்கலாங்க" என்பாள், பிறகு வாளை உருவிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடுவாள். அவள் வருவதை நம்பித்தான் நான் இந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு இருவரும் ஒரு காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் மூன்று பாதைகள் பிரிந்தன, நடுவில் ஏதோ மின்னியது. நான் வழக்கம்போலப் புதருக்குள் இறங்கினேன். அமுதாவின் முகத்தோடு இருந்த அந்த உருவம் நேராக நடந்தது. குனிந்தது, எடுத்தது, நிற்காமல் போயிற்று. அது அவள் இல்லை. அவள் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ அங்கே இருக்கிறார்கள். "அமுதா" என்றேன். ஹெட்செட்டில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "யாருங்க அது? அமுதா எங்க?" என்று கத்தினேன். உருவம் நின்றது, மெதுவாகத் திரும்பி, இமைக்காமல் என்னைப் பார்த்தது.

"நான்தாங்க. இன்னாத்துக்கு கத்துறீங்க?"

"முச்சந்தில கெடந்தத எடுத்தியே?"

"ஆமா, எடுத்தேன்."

சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்தது எனக்குத் தெரியும். நான் வரச் சொல்லும் வரை பொழுது போகட்டும் என்று நானே விட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். "கம்பெனி வேன் எங்க வந்து நிக்குது தெரியுமா? நம்ம தெரு முச்சந்திலதான். வெள்ளிக்கெழம ஆனா எலுமிச்சம்பழம், பூசணிக்கா, முடி, எல்லாம் கெடக்கும். மொதல்ல சுத்திக்கினு போனேன், வேன் போயிடுச்சி. அப்புறம் அது மேலயே நின்னு ஏறினு போறேன். ஒண்ணும் ஆவல. இப்ப என்னை லைன் லீடர் ஆக்கிட்டாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ல வரும்போதெல்லாம் டிக்கெட்டு டிக்கெட்டுன்றீங்க. அங்க வந்து அந்த ரூம்ல நான் இன்னா பண்ணப் போறேன்? நான் வரலீங்க. நீங்க வேணா வந்துடுங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. நான் பத்திரமாகச் செய்து வைத்திருந்த முகம் அப்படியே இருந்தது, உள்ளே இருந்தவள் எனக்குத் தெரியாமல் வளர்ந்திருந்தாள். ஊருக்குத் திரும்பினால் நான் விட்டுவந்த வேலை இப்போது வேறொருவனுடையது. இங்கே மாரெக்கும் மெஷினும் எனக்குப் பழகிவிட்டார்கள். காட்டின் முடிவில் ஓர் அரக்கன் வழிமறித்து எழுந்தான், பதில் சொல்வதற்குப் பதிலாக நான் வாளை உருவினேன். "சரி, இந்த அரக்கன முடிச்சிட்டு பேசலாம்" என்று அவளே சொன்னாள்.

அவன் எங்கள் இருவரையும் சேர்த்தே கொன்றான். அந்த விளையாட்டில் செத்தவர்கள், கடைசியாக எந்தத் தீயின் முன்னால் உட்கார்ந்தார்களோ அங்கேதான் எழுவார்கள். டிவி இருண்டு, மறுபடி வெளிச்சம் வந்தபோது நான் வடக்கே ஒரு பனிக்கோட்டையில் எழுந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஹெட்செட்டில் அவள் டிவியிலிருந்து ஆற்றுச் சத்தம் வந்தது, அமுதா தெற்கே, விளையாட்டு தொடங்கும் ஆற்றங்கரையில் எழுந்திருக்க வேண்டும். இவ்வளவு நாளும் எந்தத் தீயின் முன்னால் உட்காருகிறோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டதில்லை.

காதுக்குள் அவள் மூச்சு கேட்டது, என் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல அவ்வளவு பக்கத்தில்.

"இன்னாங்க, எங்க கீறீங்க?"

"இங்கதான் இருக்கேன்."

"நானும் இங்கதான் கீறேன். உங்கள காணோமே."