கொக்கி தருகிறேன் என்ற கம்ப்யூட்டர்

தெருமுனைத் தையல்காரிக்கு வாய் காது வரைக்கும் நீளம். ஆனால் ஒருத்தியின் இடுப்பளவை இன்னொருத்தியிடம் சொன்னாள் என்று முப்பது வருஷத்தில் ஒரு பேச்சு கிடையாது. வாத்தியாரம்மாவின் சுற்றளவு கட்டின புருஷனுக்கே தெரியாது, இவளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் பெண்கள் அவளிடம் வயிற்றை எக்காமல் நின்று அளவு கொடுத்தார்கள்.

அளவு நோட்டைக் கரையான் அரிக்க ஆரம்பித்ததும், ஆபீசில் வேலை பார்க்கிற ஓரகத்தி தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தாள். தையல்காரி ஒற்றை விரலால் குத்திக் குத்தி ஒரு மாசத்தில் நானூறு பேர் அளவையும் அதில் ஏற்றினாள்.

ஒரு மத்தியானம் கழுத்து டிசைன் தேடினாள். நடுவில் ஒரு பெட்டி மறித்தது: 'குக்கீகளை ஏற்கிறீர்களா?' எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அதைக் கொக்கி என்று படித்தாள். சட்டைக்குத் தைக்கிற கொக்கி சும்மா வந்தால் கசக்குமா? 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதை அமுக்கினாள். அடுத்து அறிவிப்பு அனுப்ப 'அனுமதி' கேட்டது. தாராளமாகக் கொடுத்தாள்.

கொக்கி வரவில்லை. கீச்சென்று கத்திக்கொண்டு சிவப்புப் பெட்டிதான் வந்தது: 'ஆபத்து! உங்கள் ரகசியங்கள் திருடு போகின்றன! உடனே அழைக்கவும்!'

நானூறு இடுப்பும் தெருவுக்கு வந்துவிட்டால் யார் முகத்தில் முழிப்பது? அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்கம்மா, நான் சொல்றதை அமுக்குங்க. உள்ள வந்து பாத்துச் சரி பண்றேன்" என்று ஒருத்தன் குழைந்தான்.

"உள்ள வந்து என்னத்தப் பாப்பே?"

"எல்லாத்தையும் பாக்கணும்மா."

"எல்லாத்தையுமா? அடப் பாவி! உள்ள பூரா பொம்பளைங்க அளவுடா! யார் பெத்த பிள்ளை நீ?"

"அம்மா, வைரஸ்..."

"வைரஸோ வைரமோ, வைடா போனை!"

ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓரகத்தியைக் கூட்டிவந்தாள். ஓரகத்தி ஒயரை மாட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, குக்கீன்னா நீங்க என்னென்ன பாக்கறீங்கன்னு அவங்க குறிச்சு வெச்சுக்கிற சீட்டு. இந்தக் கத்தல் நீங்க அனுமதி குடுத்ததால வருது. எதுவும் திருடு போகல. போன்ல பேசினவன்தான் திருடன்."

"எம் பின்னாடியே வந்து குறிக்கிறானா? வேலை வெட்டி இல்லாத பய!"

ஓரகத்தி அனுமதியை எடுத்துவிட்டாள். கத்தல் நின்றது. "அளவெல்லாம் பத்திரமா இருக்கான்னு தெறந்து பாத்துடறேன்."

தையல்காரி திரையைக் கையால் பொத்தினாள். "எழுந்திரு. அதை நான் பாத்துக்கறேன்."

"எங்கிட்ட என்னக்கா ஒளிவு மறைவு?"

"சரி, பாரு. நாளைக்கு மத்தவளுங்க கேட்டா உன் அளவையும் காட்டிடறேன்."

ஓரகத்தி எழுந்துகொண்டாள்.