யாரும் பார்க்காத சேவைநாழி

ஸ்ரீவராகத்திலிருந்து வந்த அந்த மாமா உட்காருவதற்கு முன்பே கேட்டார்: "இங்கே கேமரா இருக்கோ?"

கழக்கூட்டம் என்ற ஊரில் நான் பேட்டன்ட் ஏஜென்ட். காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தருவதுதான் பிழைப்பு. மனுஷர் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கொண்டுவந்த வரைபடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வெளியில நிக்கறது யாரு?" என்றார்.

"டீ கொண்டுவர்ற சேச்சி."

"அவளும் இருக்கப்படாது. கதவைச் சாத்து."

எனக்குச் சுர்ரென்று வந்தது. காட்டாமல் வைத்துக்கொண்டால் நான் எதை எழுதுவது, என் தலையையா? வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் விரித்தார்.

சேவைநாழி. இடியாப்பம்போலச் சேவை பிழிய இரண்டு கையாலும் முறுக்க வேண்டாம். கார் ஜாக்கிபோல ஒரு பிடியை மெல்ல ஆட்டினால் போதும். மாமிக்கு மணிக்கட்டு வலி என்று அவரே செய்தது. அடடா, நிஜமாகவே நல்ல வேலை! எவனாவது கம்பெனிக்காரன் அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று அவருக்குத் தூக்கமில்லை. மாப்பிள்ளைமேல் சந்தேகம், வெல்டிங்காரன்மேல் சந்தேகம், இப்போது என்மேலும்.

எனக்கோ அவர்மேல். விண்ணப்பிக்கும் நாள்வரை கண்டுபிடிப்பு ஊருக்குத் தெரிந்திருக்கக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

"யாராவது பார்த்திருக்காளா மாமா?"

"ஈ காக்கா பார்க்கலை."

எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், நான் ஒருத்தரையும் நம்புவதில்லை. அவர் முன்னாலேயே யூடியூபில் 'சேவைநாழி' என்று தேடினேன். மாமியின் சமையல் சானல் வந்தது. போன வருஷத்து வீடியோ. மாமா வேட்டியும் துண்டுமாக நின்று, நாழியைப் பாகம் பாகமாகக் கழற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"அது வெறும் சமையல்தானேம்மா! பார்க்கறதே எங்காத்து மனுஷா நாலு பேர்."

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சட்டம் கேட்காது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருந்தாலே முடிந்தது. அவருக்குத் தெரியாமல் வேறொருத்தர் போட்டிருந்தால்கூட வாதாடிப் பார்க்கலாம். இவர் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

"போச்சு மாமா," என்றேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது.

மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. மாமிக்கு ஃபோன் போட்டார். "அந்தச் சேவை வீடியோவை உடனே அழி!" அழித்தும் பிரயோஜனமில்லை என்று நான் கையாட்டியதை அவர் கவனிக்கவில்லை.

ஸ்பீக்கரில் மாமி கேட்டாள்: "ஏன்னா, நீங்க என்னோட வந்து நின்ன வீடியோ அது ஒண்ணுதானே? அதையா அழிக்கச் சொல்றேள்?"

மாமா ஃபோனை வைத்தார். பழக்கதோஷத்தில் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்த வீடியோவை முதல்லேர்ந்து போடும்மா," என்றார் என்னிடம். "சத்தத்தைக் கூட்டி வை."