நரிவேட்டைக்குப் போன மட்டன் ரோல்கள்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், லண்டனில் மோர்டன் பகுதியில் இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். பாரிஸிலிருந்து வந்து கடை திறந்த நாள் முதல் அவருக்கு ஒரே கவலை, நல்ல வெள்ளாட்டுக் கிடாய். செம்மறியை வெட்டிக் கிடாய் என்று விற்றால் எங்கள் ஆட்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டு ஸ்ட்ரெதம் பக்கத்துக் கடைகளுக்குப் போய்விடுவார்கள். கடைசியில் லண்டனின் தெற்கு விளிம்பில், சிவப்புப் பஸ் இன்னும் ஓடுகிற ஓரிடத்தில், ஆடு வளர்க்கும் விவசாயி ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர் பிடி கொடுக்கவில்லை. வெளியாட்களைப் பட்டிக்குள் விடுவதில்லையாம். ஆனால் குட்டிகளை நரி கொண்டுபோவதால் சனிக்கிழமை காலை அயலவர்கள் சேர்ந்து நரி சுடப்போகிறார்கள், தடியால் தட்டிக் காட்டிலிருந்து நரியைக் கலைக்க ஆள் வேண்டும், வந்தால் பிறகு பேசலாம் என்றாராம்.

அத்தான் என்னையும் சேர்த்து இரண்டு பேர் என்று சொல்லிவிட்டார். நான் ரயில் சிக்னல் பொறியியலாளர். எனக்கும் நரிக்கும் என்ன என்று கேட்டேன்.

"உம்மட்டைத்தானே எல்லாத்துக்கும் லிஸ்ட் இருக்கு, மச்சாள். நான் சூடு வாங்கிச் செத்தா உம்மட அக்கா உம்மைத்தான் கேப்பா."

அதையும் லிஸ்டில் எழுதிக்கொண்டேன். போனேன்.

காரில் ஏறும்போதே சண்டை. அத்தான் வேட்டைக்காரர் மாதிரித் தெரிய வேண்டும் என்று கரும்பச்சைக் கோட் வாங்கியிருந்தார். அதற்கு மேல் தூரத்திலேயே பளிச்சென்று தெரிகிற என் வேலையிடத்து ஹை-விஸ் ஜாக்கெட்டை மாட்டச் சொன்னேன்.

"என்ன இது, கவுன்சில் குப்பை எடுக்கவோ போறன்?"

"இதைப் போட்டாத்தான் நீங்கள் நரி இல்லையெண்டு சுடுறவைக்குத் தெரியும்."

"ஏன், என்னைப் பார்த்தா நரி மாதிரியே இருக்கு?"

"அந்த மீசையோட இருட்டுக்க நிண்டா, சொல்லேலாது அத்தான்."

மாட்டினார். வழி நெடுகப் பயிற்சி கொடுத்தேன். நான் 'ஸ்டொப்' என்றால் எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே நிற்க வேண்டும். பெற்றோல் நிலையத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. நல்ல மாணவர்.

அங்கே எல்லாம் விவசாயியின் அக்காவின் பொறுப்பு. கழுத்தில் விசில், இடுப்பில் ஊதுகொம்பு, காலில் சேற்றுச் சப்பாத்து. அவர் சொன்ன விதிகள் எனக்கு மிகவும் பிடித்தன. துப்பாக்கிக்காரர்கள் காட்டின் அந்தப் பக்கம், தங்கள் இடத்தை விட்டு நகராமல் நிற்பார்கள். நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து தடியால் மரங்களைத் தட்டிக்கொண்டு, ஒரே வரிசையில் நடப்போம். யாரும் முந்தக்கூடாது, பிந்தக்கூடாது, தனியாகத் திரும்பக்கூடாது. நாங்கள் அந்தப் பக்கத்தை நெருங்கியதும் அவர் கொம்பு ஊதுவார், அதன் பிறகு காட்டை நோக்கி ஒரு வெடியும் வைக்கக்கூடாது. ஏதாவது பிழையாகத் தெரிந்தால் யாரும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் எல்லாரும் நிற்க வேண்டும், துப்பாக்கிகளைத் திறந்து தோட்டாவை எடுக்க வேண்டும். எங்கள் தண்டவாளத்திலும் அதே விதிதான். நான் மேலதிகமாகச் சில கேள்விகள் கேட்டேன். அத்தான் என்னைத் தெரியாத ஆள்போல ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் சரிபார்க்காத ஒன்று இருந்தது. ஒருவர் இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று அத்தான் ரஸ்க் தூள் பிரட்டி மட்டன் ரோல் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைக் காரில் வைத்தார். வழிக்கென்று கோட் பையில் சிலது.

காட்டுக்குள் எனக்கு இடப்பக்கம் அவர். தட்டினோம், நடந்தோம். தட்டுகிற சத்தத்துக்கிடையே மொறுமொறு என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். வலக்கையில் தடி, இடக்கையில் பாதி ரோல். அவருக்குப் பின்னால், இலைகளில் விழுந்த தூள்களை ஒவ்வொன்றாக நக்கியபடி, ஒரு நரி.

நரி முன்னால் ஓடினால் என்ன செய்வது என்று விதி இருந்தது. பின்னால் வந்தால் என்ன செய்வது என்று இல்லை. யாராவது கண்டு கத்தித் துரத்தினால் வரிசை குலையும். துப்பாக்கிகளுக்கு முன்னால் யார் எங்கே நிற்பார்கள் என்று சொல்ல முடியாது.

"ஸ்டொப்!" என்று கத்தினேன்.

விவசாயியின் அக்கா விசில் ஊதினார். வரிசை நின்றது. அத்தானும் நின்றார், ஒரு கால் மேலே, ரோல் பிடித்த கை கீழே.

"மச்சாள்," என்றார் உதடு அசையாமல், "நான் நிக்கிறன். ஆனா கையில ஏதோ ஈரமாப் படுது."

"அசையாதேங்கோ. நரி."

"எங்கை?"

"ரோலில."

மெதுவாகக் கண்ணை மட்டும் தாழ்த்தினார். நரி அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு மிக மரியாதையாக ரோலை உருவி எடுத்துக்கொண்டு, வந்த வழியே, துப்பாக்கி இல்லாத பக்கமாக நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

அன்று ஒரு வெடியும் கேட்கவில்லை. விவசாயி முகம் சிவந்து வந்தார். "போச்சு மச்சாள், கிடாய் போச்சு," என்று அத்தான் முனகினார். கால் இன்னும் மேலேதான் இருந்தது. நான் இறக்கச் சொல்லவில்லை.

விவசாயி வாயைத் திறக்குமுன் அவருடைய அக்கா தடுத்தார். இத்தனை வருடமாக ஆட்களுக்கு நில் என்று கத்துகிறேன், நரி கையில் வாய் வைத்தும் நிற்கிற ஓர் ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றார். இப்படிப்பட்டவரைப் பட்டிக்குள் விடாமல் வேறு யாரை விடுவாய் என்று தம்பியைக் கேட்டார். காரிலிருந்த பெட்டியைத் திறந்தோம். மூன்றாவது ரோலில் தம்பி வழிக்கு வந்தார்: கிடாய் தருகிறேன், ஆனால் பட்டிக்கு வரும்போது பையில் தின்பண்டம் கூடாது, அந்த ஜாக்கெட் கட்டாயம்.

திரும்பும் வழியெல்லாம் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. "நரி முகத்தில முழிச்சா அதிர்ஷ்டமெண்டு சும்மாவே சொல்லுறவை?"

"உங்கட கடைக்குப் பின்னால குப்பைவாளியில நாளாந்தம் நரி முகத்திலதானே முழிக்கிறியள்?"

"அது மோர்டன் நரி," என்றார். "அது வாடிக்கையாளர்."

ஜாக்கெட்டைக் கேட்டேன். தரவில்லை. முதுகில் கடையின் பெயரை அடிக்க எங்கே கொடுக்கலாம் என்று என்னையே கேட்டார்.