கிடாவுக்குத் தெரிந்த வாசனை

செத்துப் பிறந்த குட்டியின் தோலைச் சட்டை மாதிரி உரித்து, தாயில்லாத இன்னொரு குட்டிக்கு அண்ணன் போட்டுவிட்ட அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குட்டியைப் பறிகொடுத்த தாயாடு கிட்டே வந்து மோந்து பார்த்தது. யோசிப்பது போல ஒரு நிமிஷம் நின்றது. பிறகு காலை அகட்டி மடியைக் கொடுத்தது. "அதுக்குக் கண்ணு முக்கியமில்லடா, மூக்குதான்" என்றார் அண்ணன், கை ரத்தத்தைக் கழுவிக்கொண்டே.

சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் காடு சின்னதுதான். அதில் அண்ணன் வளர்த்ததெல்லாம் கச்சைகட்டிக் கருப்பு இனச் செம்மறி. உடம்பில் ஒரு வெள்ளை முடி தெரிந்தாலும் அந்தக் குட்டி சந்தைக்குப் போய்விடும். வேறு இனக் கிடா பக்கத்தில் வந்துவிடக் கூடாதென்று மேய்ச்சலில் உட்காரவே மாட்டார். தான் பள்ளிக்கூடம் பார்க்காமல் என்னைப் படிக்க வைத்தவர். மஞ்சள்காமாலையில் அவர் போனபோது நான் காளவாசலில் ஒரு கொரியர் ஆபீசில் வேலை பார்த்தேன். விட்டுவிட்டு வந்தேன்.

என்னைக் கண்டால் ஆடுகள் பட்டியின் மூலைக்கு ஓடின. இனம் பெருக்க இருந்த ஒரே பொலிகிடா தீவனத்தில் வாய் வைக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. "சோப்பும் சென்ட்டுமா வந்து நின்னா எந்த ஆடு வரும் கொழுந்தனாரே? கலெக்டர் வந்துட்டாருன்னு பயப்படுதுக" என்று மதினி கேலி பேசிப் பார்த்தாள். நாலாம் நாள் கிடா படுத்துவிட்டது. கேலியும் நின்றது. "இதுவும் போச்சுன்னா, அவரு ரெண்டாந்தடவ போன மாதிரி, தம்பி."

செத்தவர் துணியை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை. அண்ணனுடையதெல்லாம் வைகையோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். மதினி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். துவைக்காதது. வேர்வை, பீடி, ஆட்டு வீச்சம் எல்லாம் அப்படியே இருந்தது. "போட்டுட்டுப் போங்க. அன்னைக்குக் குட்டிக்குத் தோலு போத்துனாருல்ல?"

போட்டேன். பட்டிக்குள் காலை வைத்ததும் கிடா தள்ளாடி எழுந்தது. என் நெஞ்சில் மூக்கை அழுத்தி நீளமாக இழுத்தது. பிறகு வாளி காலியாகும்வரை குடித்தது. மற்ற ஆடுகளும் வந்து என் காலோடு நெருக்கி நின்றன. சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சில மாதங்களில் சட்டை நைந்து நூலாகிவிட்டது. நானே தீயில் போட்டேன். மறுநாள் என் சொந்தச் சட்டையில் பயந்து பயந்துதான் உள்ளே போனேன். கிடா வழக்கம்போல வந்து மோந்தது, குடித்தது. என்னிடம் இப்போது என்ன வாசனை அடிக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கையை மோந்து பார்த்தால் ஒன்றும் புலப்படுவதில்லை.

இந்தத் தையில் பிறந்த குட்டிகள் அத்தனையும் சுத்தக் கருப்பு. நேற்று உச்சி வெயிலில் பட்டியிலிருந்து வந்து, மதினிக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றேன். அவள் குனிந்து பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கெடா தண்ணி குடிச்சுச்சா?"

அண்ணனை மட்டும்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள்.

"குடிச்சிருச்சு" என்றேன். அவள் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாதே என்று நானும் அசையாமல் நின்றேன்.