கோழிகளின் வயதைக் குறைத்தவன்

கடந்த ஆவணி 12, வியாழக்கிழமை, காலை 9.40 மணி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஒரே புழுக்கம். புதுச்சத்திரம் அருகே நான் கணக்கு எழுதும் கோழித் தீவன ஆலைக்கு, சூரமங்கலத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து இறங்கினார்.

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பழைய புரோகிராம் இருந்தது. பண்ணையின் பெயரையும் கோழியின் வயதையும் அடித்தால், மக்காச்சோளம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று கலவையைச் சொல்லும். 46 பண்ணைகள் அதை நம்பி இருந்தன. எழுதியவர் காலமாகிவிட்டார், உள்ளே என்ன செய்து வைத்தார் என்பதற்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கம்ப்யூட்டரோ அந்த வாரம் மட்டும் நான்கு முறை நின்றுபோனது. அது மொத்தமாகப் படுப்பதற்குள் உள்ளமைப்பைக் கண்டுபிடித்து, புதிதாக எழுத வேண்டும்.

அவர் ஒரு பொய்ப் பண்ணையைப் பதியச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுவேன். உள்ளே எந்தக் கோப்பு அசைகிறது என்று பார்த்து, சார்ட் தாளில் கட்டம் போட்டுக் கோடு இழுப்பார். இரண்டு நாளில் 17 கட்டங்கள். எதையாவது கெடுத்துவிடுவாரோ என்று நான் பின்னாலேயே நின்றேன்.

மூன்றாம் நாள் பழைய பதிவுகளைப் புரட்டியவர் திகைத்துப்போனார். ஒவ்வொரு பங்குனியிலும் கோழிகளின் வயது இருபது வாரம் குறைந்திருந்தது. கோடைக்கென்று மறைவான பகுதி ஏதோ உள்ளே இருப்பதாக நினைத்து மூன்று நாள் தேடினார்.

குறைத்தவன் நான்தான். வெயில் காலத்தில் கோழி குறைவாகத் தின்னும். சத்துக் கூடிய கலவை வேண்டும். புரோகிராமுக்குக் கோடை தெரியாது; வயது குறைந்த கோழிக்குத்தான் அது சத்துக் கூடிய கலவையைச் சொல்லும். அதனால் ஐம்பது வாரக் கோழியை முப்பது வாரம் என்று 14 வருடமாகப் பதிந்துவந்தேன். பொய்க்கணக்கு எழுதியவன் என்று முதலாளி நினைப்பாரே என்ற பயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லாவிட்டால், புதிய புரோகிராமில் இந்தத் தந்திரம் விட்டுப்போய், அடுத்த கோடையில் 46 பண்ணைகளிலும் முட்டை குறையும்.

கடைசியில் அவரே என் பக்கம் திரும்பி, “ஏனுங்க ஐயா, கோழிக்கு எங்கயாச்சும் வயசு கொறையுமுங்களா?” என்று கேட்டார். சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த முதலாளி என்னைப் பார்த்து, “அப்படியே எனக்கும் ஒரு இருவது வருசம் கொறச்சுப் போடுங்க சாமி” என்றார்.

அந்தப் பெண் பதினெட்டாவது கட்டம் போட்டார். “இது கம்ப்யூட்டர்ல இல்லீங்க, உங்க தலைக்குள்ள இருக்குது. சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

எந்த மாதம், எந்த வயதுக்கு எவ்வளவு என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். இப்போது புதிய புரோகிராமில் கோடைக்குத் தனி இடம் இருக்கிறது. கோழிகளுக்கும் அவற்றின் உண்மையான வயது.

அவர் வீணாகத் தேடிய மூன்று நாள் கூலியை என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். முதலாளி மறுத்தார், நான் விடவில்லை. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டதற்கு எனக்கு ஆன செலவு 7,500 ரூபாய். அது அதிகம் என்று இன்றுவரை தோன்றவில்லை.