அகத்தியர் நெற்றியில் நாமம் இல்லை

படப்பெட்டியின் மேல் யாரோ வைத்த வெற்றிலைப் பையை எடுத்துக் கீழே வைக்கிறார் சேக் தாவூது. "அதுல எதையும் வைக்காதீய அண்ணாச்சி. உள்ள இருக்கவுகளுக்கு ஏற்கெனவே தலைவலி." பிறகு மூன்று கண்ணாடித் துளைகளிலும் வாயால் ஊதி, கைலி முனையால் துடைத்து, கைமணியை ஆட்டுகிறார்.

குற்றாலத்தில் ஐப்பசி விசுத் திருவிழா என்றால் சன்னதிக் கடைவீதி முனை அவருடைய இடம். தென்காசிக்காரர். வயதைக் கேட்டால், "அகத்தியருக்கு நான் இளசு" என்பார். மரப்பெட்டிக்குள் வரிசையாகப் படங்கள், மேலே கயிறுகள். ஒரு கயிற்றை இழுத்தால் ஒரு படம் இறங்கும். மற்ற ஊர்களில் டில்லி தர்பாரும் காசிப் பட்டணமும் காட்டுவார். விசுவுக்கு மட்டும் குற்றாலக் கதை. தென்காசியில் கொட்டகை போட்டுப் பேசும் படம் காட்டுகிற இந்த நாளிலும் ஜனங்கள் இந்தப் பெட்டி முன்னால் குனிகிறார்கள் என்றால், அது இந்தக் கதைக்காகத்தான்.

கதை ஊரறிந்தது. இங்குள்ள சிவன் கோயில் ஒருகாலத்தில் பெருமாள் கோயிலாக இருந்ததாம். திருநீறு பூசி வந்த அகத்தியரை வாசலில் மறித்துவிட்டார்கள். அவர் இலஞ்சிக் குமரனிடம் யோசனை கேட்டு, நாமமும் துளசி மாலையுமாகத் திரும்பினார். இந்தத் தடவை வழி கிடைத்தது. உள்ளே போனவர் பெருமாள் தலையில் கைவைத்து, "குறுகுக" என்று அழுத்த, நெடிய திருமேனி லிங்கமாயிற்று. அந்த வலி தீரத்தான் இன்றும் தைலம் சாத்துகிறார்களாம்.

நேற்று பெய்த மழை ஓலைப் பந்தல் வழியே பெட்டிக்குள் இறங்கிவிட்டது. மற்ற படங்கள் பிழைத்தன. அகத்தியரின் நாமம் மட்டும் கரைந்து, வழிந்து, தாடியோடு சேர்ந்துகொண்டது. இன்று முதலில் குனிந்தவள் வருஷந்தோறும் வல்லத்திலிருந்து வருகிற முருகம்மாள்.

"ஏ ராவுத்தரே, நெத்தில ஒண்ணையும் காணமே! அப்பம் விடமாட்டேன்னவன் இப்பம் எப்படி விட்டான்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிலர் நடையைக் கட்டினார்கள். படம் எழுதியவர் இருப்பது சிவகிரியில். அவரிடம் போய்த் திரும்புவதற்குள் திருவிழா முடிந்துவிடும்.

"இந்தப் படம் போச்சுன்னா கதை போச்சு. விசுவுல கதை போச்சுன்னா வருசமே போச்சு" என்றார் சேக் தாவூது.

சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிடலாமே என்றேன், வேடிக்கை பார்த்து நின்ற நான்.

"சாமி காரியம். நானா இழுத்துத் தப்பாப் போச்சுன்னா?"

அருவியில் குளித்து, பளிச்சென்று நாமம் போட்டு வந்த நாங்குனேரிப் பெரியவரை நிறுத்தி விவரம் கேட்டார். "மூக்குல பாதம் இறக்கிப் போடும் ஓய். அதுதான் தென்கலை. அதுதான் நாமம்" என்றார் அவர்.

கூட வந்தவர் வடகலை. விடவில்லை. "பாதம் எதுக்கு? அகத்தியர் வடக்கேயிருந்து வந்தவர். எங்க நாமந்தான் போட்டிருப்பார்."

"வந்து தங்கினது தெற்கேயாக்கும்!"

குரல்கள் ஏறின. போனவர்கள்கூடத் திரும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள். சேக் தாவூது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விரலில் தயாராக எடுத்திருந்த சுண்ணாம்பைப் பந்தல்காலில் துடைத்துவிட்டு மணியை எடுத்தார்.

"வாங்க, வாங்க! ஏ முருகம்மா, நீயும் குனி தாயி. அகத்தியரு வருதாரு பாரு. நெத்தி தெரியலையா? தெரியாண்டாம்! வாசல்ல ரெண்டு காவக்காரவுக. ஒருத்தரு பாதம் உண்டுங்காரு, ஒருத்தரு இல்லைங்காரு. ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துச் சண்டை போடுதாவ. முனிவரு நெத்திய எவரு பாத்தா? அந்தச் சந்துல நுழைஞ்சுட்டாருல்லா!"

முருகம்மாள் சிரித்த சிரிப்பில் நெற்றி பெட்டியில் இடித்தது. நாங்குனேரிக்காரர் முறைத்துப் பார்த்தார். பிறகு அவர் தோளும் குலுங்கிற்று. "எங்களைக் காவக்காரனா ஆக்கிட்டீரே ஓய்" என்றபடி மற்றவர் குனிந்து துளையில் கண்ணை வைத்தார். அதற்குப் பிறகு மாலை வரை ஆள் குறையவில்லை.

கடைசிப் படம் லிங்கம்; உச்சியில் ஐந்து விரல் பதிந்த தடம். அதற்கு மட்டும் அவர் குரல் தாழும். "அன்னைக்குப் பிடிச்ச தலைவலி..." என்று சொல்லும்போதே மலை மறைந்து தூறல் விழுந்தது. பந்தல் அதே இடத்தில் ஒழுகியது. கூட்டம் கடைகளுக்குள் ஓடிற்று. சேக் தாவூது தம் தலைத்துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, பெட்டியின் உச்சியில் போர்த்தினார். வழுக்கையில் மழை வழிய, கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.