தமிழில் ஏசுகிறான்

அந்தத் திரைக்கதைப் பிரதியில் முப்பத்தொரு இடங்களில் ஒரே வரி இருந்தது: ‘தமிழில் ஏசுகிறான்.’ என்ன சொல்லி ஏசுகிறான் என்பதை எழுதிக் கொடுப்பதுதான் என்னுடைய வேலை.

நான் ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறவள். இடைக்கிடை அரச அலுவலகங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகவும் போய் நிற்பேன். அப்படி யாரிடமோ என் தொலைபேசி எண்ணைப் பெற்றுத்தான் அந்தச் சின்னப் படக் கம்பனி என்னை அழைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்யும் மனிதனைப் பற்றிய தொலைக்காட்சிப் படம். தொண்ணூறுகளில் நடக்கிற கதை. இயக்குநர் நாற்பது வயதுப் பெண், ஜெர்மன்காரி. முதல் சந்திப்பிலேயே மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு பேசினார்.

“எங்கள் தொலைக்காட்சியில் அகதி என்றால் ஒன்று திருடன், இல்லாவிட்டால் துறவி. எனக்கு இரண்டும் வேண்டாம். சூடான சட்டியில் கை பட்டால் சமையல்காரன் எப்படிக் கத்துவானோ அப்படி அவன் கத்தவேண்டும். தணிக்கை செய்யாமல் எழுதுங்கள்.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நாங்கள் வளர்ந்த வீட்டில் தமிழ்ப் படத்தில் ஒரு கெட்ட வார்த்தை வரப்போகிறது என்று தெரிந்தால் அப்பா பலமாக இருமுவார். படக்காரர்களே பீப் ஒலி போட்டு மறைத்திருந்தால் இன்னும் மோசம். அந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று நானும் தங்கையும் ஒரு கிழமைக்கு யோசிப்போம். மூடி மறைக்காமல் எங்கள் ஆட்களைத் திரையில் பார்க்கலாம் என்று நினைத்ததும் உடனே சம்மதித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பேனையை எடுத்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. எனக்குத் தமிழில் ஏசத் தெரியாது.

ஜெர்மன் மொழியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூட முற்றத்தில் படித்தது இன்றும் கார் ஓட்டும்போது உதவுகிறது. ஆனால் தமிழ் எனக்கு ‘வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ’ என்று வந்த மொழி. அதில் எனக்குத் தெரிந்த மிகக் கடுமையான சொல் ‘விசரன்’, அதாவது பைத்தியக்காரன். முப்பத்தொரு இடத்திலும் விசரன் என்று எழுதினால் படம் வேறு மாதிரி ஆகிவிடும்.

கதாநாயகனாக நடிக்க வந்திருந்தவர் மதுரையிலிருந்து இங்கே பொறியியல் படிக்க வந்த ஒரு மாணவர். கல்லூரி நாடகங்களில் நடித்தவர். யாழ்ப்பாணத் தமிழுக்கும் மதுரைத் தமிழுக்கும் வேறுபாடு இருப்பது அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாது. அவரிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன்.

“இதெல்லாம் ஒரு மேட்டரா அக்கா? எங்க ஹாஸ்டல்ல ஒரு கிரிக்கெட் மேட்ச் போட்டா முப்பத்தொண்ணு முதல் ஓவர்லயே வந்துடும். நான் லிஸ்ட் அனுப்புறேன்.”

அனுப்பினார். வாசிக்கும்போது எனக்குக் காது சூடாகியது. ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் பொருத்தி எழுதினேன். எழுதி முடித்துவிட்டு உரக்க வாசித்துப் பார்த்தபோது, அது யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் ஊர்க்காரன் பேசுகிற மாதிரியே இல்லை. யாரோ சண்டைப் படத்தில் வில்லனுடைய ஆள் பேசுகிற மாதிரி இருந்தது.

என் அப்பா இருபத்தாறு வருடம் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தவர். பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்புக்கு வந்தவர். கேட்பதென்றால் அவரிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் பெற்ற தகப்பனிடம் போய் எப்படிக் கேட்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே தொடங்கினேன்.

“அப்பா, உங்கட குசினியில ஆக்கள் ஏசிறவையோ?”

“முதலாளி ஏசுவான். சட்டியும் எறிவான்.”

“நீங்கள்?”

“நாங்களோ? நாங்கள் மரியாதையான ஆக்கள், பிள்ளை.”

அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையை வாயில் வைத்து மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. “பண்டியாரின்ர கதையைச் சொல்லுங்கோவன்,” என்றார்.

அப்பா முதலில் அம்மாவை முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“அவன் எங்களைப் பேசாத பேச்சில்லை. திருப்பி ஜெர்மனில ஏசினா அடுத்த நாள் வேலை இல்லை. தமிழில கத்தினாலும் முகத்தைப் பார்த்து விளங்கியிடும். அதால நாங்கள் சிரிச்சுக்கொண்டு, நல்ல பணிவா, ‘ஓம் பண்டியார், இந்தா கொண்டு வாறன் பண்டியார்’ எண்டு சொல்லுவம்.”

யாழ்ப்பாணத்தில் பன்றியைப் பண்டி என்பார்கள். அந்தப் பண்டிக்கு மரியாதையாக ஓர் ‘ஆர்’ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

“அவன் அது முதலாளிக்குத் தமிழ்ச் சொல்லு எண்டு நினைச்சிட்டான். ஒருநாள் புதுசா வேலைக்கு வந்த பெடியனுக்குத் தன்ர நெஞ்சில கையை வைச்சு, ‘நான் பண்டியார்’ எண்டு சொன்னான். நாங்கள் நாலு பேரும் வெங்காயத்தைக் குனிஞ்சு வெட்டிக்கொண்டு நிண்டம். கண்ணீர் வந்தது வெங்காயத்தால எண்டு அவன் நினைச்சிருப்பான்.”

நான் சாப்பாட்டுக் கையோடு எழும்பிப் போய்க் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தேன். “அப்ப நீங்கள் ஒருநாளும் கத்தி ஏசினதே இல்லையோ?”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கையைக் கழுவ எழும்பிப் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது.

அம்மாதான் சொன்னார். நான் பிறப்பதற்கு முந்திய கதை. அப்பாவின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் காலையில் வந்திருக்கிறது. அகராதி வைத்துச் சொல்லுக்குச் சொல் வாசித்துவிட்டு, சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். மத்தியானம் வரைக்கும் ‘ஓம் பண்டியார், ஓம் பண்டியார்’ என்று வேலை செய்தவர், தக்காளிப் பெட்டி எடுக்கக் குளிரூட்டி அறைக்குள் போய், கதவை உள்ளே இழுத்துச் சாத்திவிட்டு, ஒரேயொரு சொல் கத்தியிருக்கிறார். பிறகு பெட்டியோடு வெளியே வந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார்.

“பின்னேரம் வீட்டை வந்து, ‘இண்டைக்கு நான் ஏசிப்போட்டன்’ எண்டு எனக்குச் சொன்னவர். களவெடுத்த ஆள் மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவர்.”

“என்ன சொல்லு அம்மா?”

அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: “வேசமக்கள்.”

கோயிலில் கண்மூடித் தேவாரம் பாடுகிற என் அம்மா. என் வாழ்நாளில் யாரையும் ‘நீ’ என்றுகூடக் கடிந்து சொல்லி நான் கேட்டிராத வாய். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மேலும் சொன்னார்: “உந்தச் சொல்லும் சரியில்லைத்தான். ஏசுறது ஆரையோ, அடி விழுறது பெத்தவளுக்கு. ஆனா அண்டைக்கு அவருக்கு வேறை சொல்லு இருக்கேல்லை.”

முப்பத்தொரு ஏச்சுகளையும் அன்றைக்கே கிழித்துப் போட்டேன். இரண்டு நாட்கள் உட்கார்ந்து வேறு பிரதி எழுதினேன்.

இயக்குநர் அதை வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். “நீங்களும் அவனைத் துறவியாக்கிவிட்டீர்களே. முப்பத்தொன்றைக் கேட்டேன், ஒன்று தந்திருக்கிறீர்கள்.”

“ஒன்று இல்லை. அவன் படம் முழுக்க ஏசுகிறான். நீங்கள் கேட்கிற விதத்தில் ஏசவில்லை,” என்றேன். “மாணவரின் பட்டியலையும் என் பிரதியையும் நடித்துப் பார்ப்போம். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.”

அப்படி ஒரு துணிவு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆய்வுகூடத்தில் தலைமை வைத்தியரிடம் விடுமுறை கேட்கவே மூன்று நாட்கள் ஒத்திகை பார்க்கிறவள் நான்.

மூடிக் கிடந்த ஓர் உணவகத்தின் சமையலறையில் ஒத்திகை நடந்தது. முதலில் மாணவர் தன்னுடைய பட்டியலின்படியே நடித்தார். நன்றாகத்தான் நடித்தார். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார், சட்டியைத் தட்டினார். ஐந்து நிமிடம் போயிற்று. ஒலிப்பதிவு செய்த பெரியவர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, “மன்னியுங்கள், நாலாவது கத்தலுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி இரைகிற மாதிரி இருக்கிறது,” என்றார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

பிறகு என்னுடையது. முதலாளியாக நடித்த ஜெர்மன் நடிகருக்கு ‘பண்டியார்’ என்பதன் பொருளை நான் சொல்லவில்லை. அவர் எழுதியிருந்தபடி கத்தினார். மாணவர் தலையைச் சற்றுச் சாய்த்து, நான் பழக்கியிருந்த யாழ்ப்பாணத் தமிழில், “ஓம் பண்டியார், இந்தா கொண்டு வாறன் பண்டியார்,” என்றார். நடிகர் திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பிரதியில் இல்லை, தானாக வந்தது. நான் பொருளைச் சொன்னேன். சமையலறை அதிர்ந்தது. விளக்குப் பிடித்த பெண் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களை விட உரக்கச் சிரித்தவர் அந்த நடிகர்தான்.

சிரிப்பு அடங்கியதும் குளிரூட்டி அறைக் காட்சி. மாணவர் உள்ளே போனார். கதவு மூடியது. ஒலிப்பதிவுக்காரர் உள்ளே ஓர் ஒலிவாங்கி வைத்திருந்தார். சில வினாடிகள் இயந்திரம் இரைந்தது மட்டும்தான். பிறகு அந்த ஒரு சொல் வந்தது. கதவு திறந்தது. தக்காளிப் பெட்டியோடு வெளியே வந்து, அதே முகத்தோடு, “ஓம் பண்டியார்,” என்றார். குரல் உடைந்திருந்தது.

ஒலிப்பதிவுக்காரர் என்னைப் பார்த்து, “அது என்ன சொல் என்று எனக்குச் சொல்லவேண்டாம்,” என்றார். இயக்குநர் பென்சிலை எடுத்து, தன்னுடைய பிரதியில் ‘தமிழில் ஏசுகிறான்’ என்று இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தானே வெட்டினார். முப்பது வெட்டுகள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தேன். அந்த மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை.

மாணவர் என்னிடம் வந்து, “அக்கா, என் லிஸ்ட்டைத் தூக்கிட்டீங்களே!” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆனா இது செம அக்கா,” என்றார்.

தொலைக்காட்சியில் வருவதற்கு முன் படத்தை எங்கள் ஆட்களுக்கு மண்டபத்தில் போட்டுக் காட்ட இயக்குநர் விரும்பினார். தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் படத்தை முன்கூட்டிப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, படம் திறமான படம். ஆனா அந்த ஒரு சொல்லு. பிள்ளையள் வருவினம். அந்த இடத்தில ஒரு பீப் போட ஏலாதோ?”

“ஏலாது அண்ணை,” என்றேன்.

ஒரு பக்கம் அது குறைவு என்று சண்டை பிடித்து முடிந்தது. இப்போது அதுவே அதிகம் என்று இன்னொரு பக்கம். ஆனால் இம்முறை எனக்குப் பயமே இருக்கவில்லை. அதே சொல்லுக்காக ஒருமுறை வென்றவள் நான்.

அன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் மூன்றாவது வரிசையில். படம் தொடங்கும் முன் செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “ஒரேயொரு இடத்தில சபைக்கு ஒவ்வாத ஒரு சொல்லு வருது. அந்த இடத்தில நான் சத்தத்தைக் குறைப்பன். ஒருத்தரும் குறை நினைக்காதேங்கோ.”

நான் எழும்புவதற்குள் அம்மா எழும்பிவிட்டார். ஒலிவாங்கி இல்லாமலே அவருடைய குரல் பின்வரிசை வரைக்கும் போனது.

“அண்ணை, அந்தச் சொல்லைச் சொன்ன ஆள் இஞ்ச எனக்குப் பக்கத்தில இருக்கிறார். இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசத்தில ஒருக்காத்தான் சத்தமா ஏசினவர். அண்டைக்குக் கதவைச் சாத்திப்போட்டு ஏசினவர். இண்டைக்கும் அவரின்ர சத்தத்தைக் குறைக்கப் போறியளோ?”

அப்பா தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கோ பின்னால் ஒருவர் கைதட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு முழு மண்டபமும். செயலாளர் நல்ல மனிதர். அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

படம் முழுக்கச் சிரித்தார்கள். ‘பண்டியார்’ வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கூடச் சேர்ந்து கத்தினார்கள். குளிரூட்டி அறைக் கதவு மூடியபோது சிரிப்பு அப்படியே நின்றது. அந்தச் சொல் மண்டபத்தில் முழுச் சத்தத்தோடு ஒலித்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை, எந்தத் தகப்பனும் இருமவில்லை. என் முன்னால் இருந்த வயதான பெண் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். நான் திரையைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தேன். தலையை நிமிர்த்தி, நேராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்த பிறகு தேநீர் மேசையைச் சுற்றி அவருடைய வயது ஆண்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் ஏதோ ஒரு சமையலறையில், தொழிற்சாலையில், துப்புரவு வேலையில் நின்றவர்கள். “எங்கட ஆளுக்கு நாங்கள் வைச்ச பேர் கொசுவார்,” என்றார் ஒருவர். “நாங்கள் ‘திருவாளர் தகரம்’ எண்டு கூப்பிட்டம்,” என்றார் மற்றவர். மூன்றாமவர் தன்னுடைய மேற்பார்வையாளருக்கு வைத்த பெயரைச் சொன்னபோது ஒருவர் கையிலிருந்த தேநீர் சிந்தியது. மனைவிமார் முதல் தடவையாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் என் தோளைப் பிடித்து உலுக்கி, “என்ன சொல்கிறார்கள், என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. கடதாசிக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அந்தப் பெயர்களை அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தார்.

“கொசுவாரின்ர ‘சு’ விளங்கேல்லை. வடிவா எழுது பிள்ளை,” என்றார்.